பன்னிரண்டாவது வேட்டு

என் முன்பற்கள் இரண்டும் பொய்ப்பற்கள். நிஜப் பற்களை என் அண்ணன் அப்புசாமி ஒரு கல்யாணப் பந்தியில் பித்தளைச் செம்பால் அடித்து உடைத்தான். ஒரே அடிதான். ஒரு பல் இலையில் இருந்த ரசச் சோற்றில் விழுந்தது. இன்னொன்றை நான் விழுங்கிவிட்டேன். அது எழுபத்தொன்பதாம் வருஷம். எனக்கு நாற்பது வயது, அவனுக்கு நாற்பத்து நான்கு. தலை நரைத்த இரண்டு பேர் பந்திப்பாயில் கட்டிப் புரண்டோம். நாலு பேர் சேர்ந்து அவனை இழுத்துப் பிடித்தார்கள். நான் ரத்தத்தைத் துப்பிக்கொண்டே சிரித்தேன். ஜெயித்தவனின் சிரிப்பு அது. செம்பைத் தூக்கி அடிக்கிற அளவுக்கு அவனைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டேன் அல்லவா?

அவன் அடித்தது நான் சொன்ன ஒரு பேச்சுக்காக. எதிர்ப் பந்தியில் இருந்த மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் என்னைக் கேட்டார். "ஏனுங்க செங்கோட்டையன், ஒரே அப்பன் மண்ணு, நடுவுல ஒரே வரப்பு. உங்க பக்கம் குச்சிக்கிழங்கு ஆளுசரத்துக்கு நிக்குது. உங்கண்ணன் பக்கம் கொளிஞ்சிகூட மொளைக்க மாட்டீங்குது. அதெப்படீங்க?"

மரவள்ளியைத்தான் நாங்கள் குச்சிக்கிழங்கு என்போம்; கொளிஞ்சி தரிசில் தானாக முளைக்கிற செடி. அதைப் போட்டு, ஜவ்வரிசி மில்லுக்கு ஏற்றி, அப்புறம் ஏற்றுகிற லாரியையே வாங்கி நான் மேலே வந்தவன். கேட்டதும் எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. கையைத் தூக்கிக் காட்டினேன்.

"தண்ணி பாறைக்குள்ள இல்லீங்க, கையில இருக்குது. என்ற கையில இருக்குது, அவங்கையில இல்ல. மண்ணை மோந்து பாக்கத் தெரியோணும், அப்பறம் ஒழைக்கோணும். ரெண்டும் இல்லாதவன் காட்டுல கொளிஞ்சி எப்படி மொளைக்கும்?"

அண்ணன் மூன்று இலை தள்ளி உட்கார்ந்திருந்தான். எட்டு வருஷமாகப் பாறையைக் குடைந்துகொண்டிருந்தவன். உள்ளங்கை முழுக்கக் காய்த்துப்போய் விரலை மடக்க முடியாமல் சோற்றை அள்ளிக்கொண்டிருந்தான். அந்தக் கையைத்தான் நான் சொன்னேன்.

சொத்துப் பிரித்த கதையைச் சொல்லிவிடுகிறேன். மல்லசமுத்திரம் ரோட்டுக்குத் தெற்கே செங்கரட்டுப்பாளையத்தில் அப்பன் விட்டுப்போனது பத்து ஏக்கர். மழையை நம்பிய சரளை நிலம்; நாங்கள் காடு என்போம். கிணறு கிடையாது. எழுபத்தொன்று தை மாதம் பிரித்தோம். எங்கள் பக்கம் மூத்தவன் கூறு போட வேண்டும், இளையவன் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். மிச்சம் விழுவதுதான் தனக்கு என்பதால் கூறு போடுகிறவன் வஞ்சகம் செய்ய முடியாது. அண்ணன் கயிறு பிடித்து மூன்று நாள் அளந்தான். மேடு பள்ளம் பார்த்தான், கல் பார்த்தான். வடக்கே ஐந்து, தெற்கே ஐந்து. எந்தப் பக்கம் கூட, எந்தப் பக்கம் குறை என்று அந்த ஆண்டவன் வந்தாலும் சொல்ல முடியாதபடி நடுவில் கோடு இழுத்தான்.

நான் எடுக்க வேண்டியது மத்தியானம். வருகிற வழியில் என் இடது செருப்பின் வார் அறுந்துபோயிருந்தது. உச்சி வெயில், சரளைக்கல், ஒற்றைச் செருப்பு. உள்ளங்கால் வெந்துகொண்டிருந்தது. தெற்குக் கூற்றில் வரப்போரமாக ஒரு வேப்பமரம் நின்றது. நொண்டி நொண்டி ஓடி அதன் நிழலில் போய் நின்றேன்.

"என்றா, அதுதானா?" என்றான் அண்ணன்.

"இதுதானுங்ண்ணா" என்றேன். கால் ஆறியது. நான் யோசித்தது அவ்வளவுதான்.

அந்த வேப்பமரத்துக்குப் பக்கத்தில் கிணறு வெட்டினேன். முப்பத்தெட்டாவது அடியில், இருபத்திரண்டாவது நாள், கடப்பாரை பிடுங்கிய இடத்தில் பீறிட்டது தண்ணீர். நான் உழைக்கவில்லை என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். இருபத்திரண்டு நாளும் சம்மட்டி பிடித்தவன் நான். அதன் பிறகு எட்டு வருஷம் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி ஓடியவன் நான். ஆனால் வரப்புக்கு அந்தப் பக்கம், என் கிணற்றிலிருந்து அறுபதடியில், அண்ணன் வெட்டினான். முப்பத்தெட்டாவது அடியில் கருங்கல். ஐம்பதில் கருங்கல். அறுபதில் சம்மட்டி பட்டால் நெருப்புப் பொறி பறந்தது. ஒவ்வொரு வெள்ளாமை முடிந்ததும் கிணற்றில் இறங்கிவிடுவான். கல் சரிந்து இடது கால் கட்டைவிரல் போயிற்று. மாட்டை விற்றான். மாடு இழுத்த கயிற்றை அவனும் அவன் பெண்டாட்டி சௌந்திரமும் இழுத்து, தொட்டி தொட்டியாகக் கல்லை மேலே ஏற்றினார்கள். இரண்டு பேர் தோளிலும் கயிற்றுத் தழும்பு. நான் வேப்ப நிழலில் கட்டில் போட்டு உட்கார்ந்து அதைப் பார்ப்பேன்.

மண்ணை மோந்து பார்த்துத் தெற்குப் பக்கம் எடுத்ததாக ஊரில் சொன்னது நான்தான். முதல் தடவை விளையாட்டாகச் சொன்னேன். கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். பத்துத் தடவை சொன்ன பிறகு எனக்கே மண் வாசம் மூக்கில் ஏறியது. செருப்பை மறந்துவிட்டேன். ஆற்றுமண்ணில் பிறந்தவனும் கல்லில் பிறந்தவனும் ஒன்றல்ல என்பதை மேலே போனவன் ஒத்துக்கொள்ள மாட்டான். ஒத்துக்கொண்டால் அவனிடம் என்ன மிச்சம்?

பல் போனதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு இல்லை. அந்த வருஷ வெயிலில் ஒரு நாள் சௌந்திரம் இரண்டு மண்குடங்களோடு என் கிணற்றுக்கு வந்தாள். அதற்கு முன் அவர்கள் வீட்டுக்குக் குடிதண்ணீர் என் கிணற்றிலிருந்துதான் போகும். நான் போய் வழியில் நின்றேன்.

"குடிக்கறதுக்குத்தானுங்க" என்றாள்.

"உன்ற புருசன் ஒடச்ச பல்லைக் கொண்டாந்து வெச்சுட்டு எடுத்துட்டுப் போ, நங்கையா" என்றேன். அண்ணியை நாங்கள் நங்கையா என்றுதான் கூப்பிடுவோம்.

அவள் என்னைச் சுற்றிக்கொண்டு படியில் இறங்கப் பார்த்தாள். நான் குடத்தை உதைத்தேன். அது கல்லில் மோதிச் சிதறியது. இன்னொரு குடத்தை அவளே தூக்கி என் காலடியில் போட்டு உடைத்தாள். குனிந்து இரண்டு கையிலும் மண்ணை அள்ளி என் கிணற்றைப் பார்த்து வீசினாள். "வத்திப் போகோணும்! நீ பாக்கப் பாக்க வத்திப் போகோணும்!" என்று கத்தினாள். நான் கையை ஓங்கிவிட்டேன். என் மனைவி வசந்தாமணி ஓடிவந்து குறுக்கே விழாவிட்டால் அடித்திருப்பேன். அடி வசந்தாமணியின் காதில் விழுந்தது. மூன்று நாள் அவளுக்கு அந்தக் காது கேட்கவில்லை. அப்போதும் என் மேல் எனக்கு வருத்தம் இல்லை. சௌந்திரத்தின் மேல்தான் கோபம் கூடியது.

எண்பத்திரண்டில் மழை இல்லை. எண்பத்து மூன்று பிறந்தும் இல்லை. பனமரத்துப்பட்டி ஏரியே காய்ந்து வெடித்துக் கிடக்கிறது என்று லாரி டிரைவர் வந்து சொன்னான். மாசி மாதம் என் கிணற்றில் மோட்டார் முதல் தடவையாகக் காற்றை இழுத்தது. காட்டில் எட்டு மாதக் கிழங்கு நிற்கிறது. லாரி இரண்டும் அந்தக் கிழங்கை நம்பித்தான் ஓடுகின்றன. தண்ணீர் போனால் நான் பழைய செங்கோட்டையன்.

பாறையில் குழி போடுகிற டிராக்டர் கம்ப்ரசர் ஒன்றை வரவழைத்தேன். மேச்சேரிப் பக்கமிருந்து மாதையன் என்ற வேட்டுக்காரனையும் மூன்று ஆட்களையும் கூட்டிவந்து கிணற்றை ஆழப்படுத்தினேன். அறுபதடி வந்தேன். கொஞ்சம் கசிவு கிடைத்தது. அண்ணன் அப்போது எண்பத்து நான்கடியில் இருந்தான். கம்ப்ரசர் வைக்க அவனுக்கு வழியில்லை. கையாலேயே உளி வைத்துக் குழி போட்டான். ராப்பகலாக அந்த ஒரே சத்தம்தான் காட்டில் கேட்டது. அவன் என்னைவிட இருபத்து நான்கடி கீழே இருந்தான் என்பதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. கீழே இருக்கிறவன் ஊற்றைத் திறந்துவிட்டால் மேலே இருக்கிறவன் தண்ணீர் அவனிடம் இறங்கிவிடும். இது எங்கள் காட்டில் குழந்தைக்கும் தெரியும். அவன் பாறை அவனை ஜெயிக்க வேண்டும் என்று நான் ஒவ்வொரு நாளும் வேண்டிக்கொண்டேன். வாய்விட்டே வேண்டினேன்.

வேட்டு வைப்பதற்கு எங்கள் பக்கம் ஒரு கட்டுப்பாடு உண்டு. குழியில் தோட்டாவைத் திணித்து, ஒவ்வொன்றுக்கும் திரியை ஒரு சாண் கூட்டிக் கூட்டி வெட்டுவார்கள். அப்போதுதான் ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கும், எண்ண முடியும். பற்ற வைக்கும் முன் எத்தனை வேட்டு என்று மூன்று தரம் கத்திச் சொல்ல வேண்டும். சுற்றுக்காட்டில் இருக்கிற எல்லாரும் எண்ணுவார்கள். எண்ணிக்கை சரியாக வந்தால் வேட்டு வைத்தவன் 'ஆச்சு' என்று கத்துவான். ஒன்று குறைந்தாலும் அன்றைக்கு யாரும் இறங்கக் கூடாது. வெடிக்காமல் கிடக்கிற தோட்டா மேல் கடப்பாரை பட்டால் ஆளே மிஞ்ச மாட்டான். ஒரு கிணற்றில் 'ஆச்சு' சொல்லும்வரை பக்கத்துக் கிணற்றுக்காரன் தன் திரியைத் தொடக் கூடாது. ஜென்மப் பகையாளிகள்கூட இதை மீறியதில்லை.

சித்திரை மாதம் ஒரு வியாழக்கிழமை, சாப்பாட்டு வேளை. என் கிணற்றில் ஐந்து குழிகள் தயார். மாதையன் மேலே வந்து வாயைத் திறப்பதற்குள் வரப்புக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணன் குரல் கேட்டது.

"ஏழு வேட்டு! ஏழு வேட்டு! ஏழு வேட்டு!"

அவன் இறங்கி, ஏற நேரமாகும் என்று நீளமாக விட்டிருந்த திரிகளைப் பற்ற வைத்துவிட்டு, கட்டைவிரல் இல்லாத காலோடு ஏறி வந்து, கல்லுமேட்டுக்குப் பின்னால் சௌந்திரத்தோடு பதுங்கினான். ஏழு குழி. அத்தனையும் கையால் போட்டவை. அதில் ஏதோ ஒன்று ஊற்றைத் திறந்துவிடும் என்று எனக்குப் பட்டது. எனக்கு முன்னால் அவன் திறப்பதா? உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது.

"நம்முளதையும் வையி மாதையா" என்றேன்.

"அவுங்க ஆச்சு சொல்லட்டுமுங்க. ரெண்டும் கலந்துபோச்சுன்னா எண்ண முடியாதுங்க."

"வைக்கிறியா, இல்லியா?"

"நான் வைக்க மாட்டேனுங்க" என்றான்.

அவன் கையிலிருந்த தீப்பெட்டியைப் பிடுங்கினேன். கிணற்று மேட்டில் நின்று ஒரே ஒரு தரம் கத்தினேன். "அஞ்சு வேட்டு!"

அண்ணன் கல்லுமேட்டுக்குப் பின்னாலிருந்து எழுந்து நின்றான். நாலு வருஷத்துக்குப் பிறகு என்னைப் பார்த்துப் பேசினான். "டே செங்கோடா! நில்லுடா! என்ற திரி எரியுதுடா!"

காதில் விழுந்தது. நன்றாகவே விழுந்தது. நான் இறங்கி ஐந்து திரியையும் பற்ற வைத்துவிட்டு மேலே வந்து வேப்பமரத்துக்குப் பின்னால் விழுந்தேன்.

முதல் வேட்டு அவனுடையது. தரை என் நெஞ்சில் முட்டியது. இரண்டாவது, மூன்றாவது. அதற்குள் என்னுடையவை ஆரம்பித்துவிட்டன. இரண்டு கிணறும் மாறி மாறிக் கல்லைக் கக்கின. தலையளவு கல் ஒன்று கட்டிலில் விழுந்து நடுச்சட்டத்தை முறித்தது. வேப்பங்கிளைகள் ஒடிந்து எங்கள் மேல் கொட்டின. அந்தப் புகைக்குள் எந்தக் கல் யாருடையது என்று எவனாலும் சொல்ல முடியாது. நான் எண்ணினேன். சின்ன வயதிலிருந்து எண்ணிய பழக்கம், விடாது. ஒன்பது. பத்து. பதினொன்று.

அப்புறம் சத்தம் இல்லை. ஏழும் ஐந்தும் பன்னிரண்டு. நான் காத்திருந்தேன். சரளைக்கல் பொலபொலவென்று விழுந்து அடங்கியது. பன்னிரண்டாவது வரவில்லை.

வரப்புக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணன் குரல் வந்தது. "ஆச்சு!"

தன் கிணற்றுப் பக்கம் புகைக்குள் எழும்பிய கல்லை வைத்து அவன் எண்ணியிருக்கிறான். என்னுடைய ஒன்றை அவனுடையதாக எண்ணிவிட்டான்.

மாதையன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "ஒண்ணு கொறையுதுங்க" என்றான் மெதுவாக.

"ரெண்டு ஒண்ணா வெடிச்சிருக்கும்."

"ஒண்ணா வெடிச்சா சத்தம் கனமா வருமுங்க. அப்படி ஒண்ணும் வரலீங்க. அவுங்ககிட்டச் சொல்லிப்போடலாமுங்க."

"நம்ம ஆளுக யாரும் எறங்க வேண்டாம். அது போதும். சோத்தைத் தின்னு" என்றேன்.

நானும் தின்றேன். கம்பஞ்சோறு, மோர், சின்ன வெங்காயம். என் ஆட்கள் நாலு பேரும் நிழலில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். என் வாயில் சோறு இருந்தது, அதனால் பேசவில்லை என்று ஒரு பொய்யை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சோறு தீர்ந்தது. கை கழுவினேன். அப்போதும் பேசவில்லை. எழுந்து நின்று ஒரு சத்தம் போட்டால் போதும். அறுபதடி தூரம். அவன் என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான் என்பது எனக்கு அப்போது தெரியாது.

புகை அடங்கியதும் அண்ணன் கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு கிணற்றுப் படியில் கால் வைத்தான். மாதையன் துள்ளி எழுந்தான். "எறங்காதீங்..." என்று கத்த வாயெடுத்தான். நான் அவன் கன்னத்தில் அறைந்தேன். அவன் விழுந்தான். திரும்ப எழுந்து ஓடப் பார்த்தான். இடுப்புத் துண்டைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளி, அவன் கழுத்தில் முழங்காலை வைத்து அழுத்தினேன். மற்ற மூன்று பேரும் மரமாக நின்றார்கள். மாதையன் மூச்சுக்குத் திணறிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தான். கிணற்றுக்குள் கடப்பாரை பாறையில் படுகிற சத்தம் கேட்டது. ணங். ணங். ணங்.

அப்புறம் பன்னிரண்டாவது.

சௌந்திரத்தின் அலறலைவிட என் மனசு எண்ணிய அந்த எண்தான் எனக்குச் சத்தமாகக் கேட்டது. முழங்காலை எடுத்தேன். மாதையன் எழுந்து, தன் உளிப்பையை எடுத்துக்கொண்டு, என் காலடியில் காறித் துப்பிவிட்டு ரோட்டைப் பார்த்து நடந்தான். பத்து நாள் கூலியைக் கேட்க அவன் வரவே இல்லை.

நான் வரப்பைத் தாண்டி ஓடினேன். நாலு வருஷமாகக் கால் வைக்காத மண். கிணற்றில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. பாதியில் வழுக்கி விழுந்து முழங்கைத் தோல் பெயர்ந்தது. அடியில் புகைக்குள் அண்ணன் பாறையில் சாய்ந்து கிடந்தான். வலது கை மணிக்கட்டோடு இல்லை. முகத்தில் கண் இருந்த இடத்தில் ரத்தமும் கல்பொடியும்தான் இருந்தன. கன்னம் கிழிந்து கடைவாய்ப் பல் தெரிந்தது. என் வேட்டியைக் கிழித்து அவன் கையைக் கட்டினேன். கட்டும்போது என் பாதம் நனைந்தது. ரத்தம் என்றுதான் நினைத்தேன். குளிர்ந்திருந்தது. பாறை பிளந்த இடத்திலிருந்து தண்ணீர் குபுகுபுவென்று வந்துகொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கணுக்காலைத் தாண்டியது.

அவனை முதுகில் போட்டுக் கட்டிக்கொண்டு படியேறினேன். பாதி வழியில் அவனுக்கு நினைவு வந்தது. மிச்சமிருந்த கையால் என் முகத்தைத் தடவினான். உதட்டுக்குள் விரல் போய்ப் பொய்ப்பல்லைத் தொட்டது.

"செங்கோடனா?" என்றான்.

"ஆமாங்ண்ணா."

"தண்ணி வந்துருச்சாடா?"

"வந்துருச்சுங்ண்ணா" என்றேன். அவன் என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். சிரித்தான் என்று நினைக்கிறேன்.

சேலம் பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் கிடந்து பிழைத்தான். கண் இரண்டும் போனது போனதுதான். அவன் கிணற்றில் மறுநாள் காலை ஒன்றரை ஆள் தண்ணீர் நின்றது. என் கிணறு எட்டே நாளில் வற்றியது. சௌந்திரம் சொன்ன மாதிரியே நான் பார்க்கப் பார்க்க வற்றியது. ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணன் சொல்லியனுப்பினான் என்று சௌந்திரம் ஒரு காலை வரப்பை வெட்டி என் காட்டுக்குத் தண்ணீரைத் திருப்பிவிட்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. "அக்கட்டயும் எம் மாமனாரு மண்ணுதானாமா. அவரு சொன்னாரு" என்று மண்வெட்டியிடம் சொன்னாள். அவன் தண்ணீரில்தான் என் கிழங்கு பிழைத்தது, லாரி பிழைத்தது.

நாலு வருஷத்தில் அண்ணன் காடு கரும்பும் வாழையுமாக ஆனது. பக்கத்துக் காட்டை வாங்கினான். கண் இல்லாதவன் மாடி வீடு கட்டினான். ஊர் பேச ஆரம்பித்தது. ஒழைச்சா அப்புசாமியாட்ட ஒழைக்கோணும், கல்லைக் குடைஞ்சு தண்ணி எடுத்த கையி, என்றார்கள். பன்னிரண்டு வருஷம் அவன் உழைத்தபோது எவனும் அப்படிச் சொல்லவில்லை. ஒரு தோட்டா வெடிக்காமல் போய்த் தப்பான நேரத்தில் வெடித்த பிறகு சொன்னார்கள். அவன் உழைப்பு முந்தின நாளும் அதே உழைப்புத்தானே?

எண்பத்தேழில் கோயில் கும்பாபிஷேகத்துக்கு அவனுக்குப் பரிவட்டம் கட்டினார்கள். அங்கே நானும் நாலு பேர் கேட்க, "எல்லாம் எங்கண்ணன் ஒழைப்புங்க" என்றேன். அவன் முகம் என் பக்கம் திரும்பியது. சாயங்காலம், "என்னைக் காட்டுக்குக் கூட்டிட்டுப் போடா" என்றான். ஊன்றுதடியை அக்குளில் இடுக்கி, இருந்த ஒரே கையை என் தோளில் வைத்துக்கொண்டு வந்தான். வேப்பமரத்தடிக்கு வந்ததும் நின்றான். காலால் நிழலின் குளிர்ச்சியைத் தடவிப் பார்த்தான்.

"இதுதானே அந்த மரம்? மண்ணை மோந்து பாத்து எடுத்தேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருந்தியே."

நான் மரப்பட்டையைச் சுரண்டினேன்.

"ஒத்தைச் செருப்போட நீ நெழலுக்கு ஓடுனதை நான் பாத்துக்கிட்டுத்தான்டா நின்னேன். வார் அறுந்திருந்துச்சு. தம்பி பெருமை பேசுறான், பேசிட்டுப் போகட்டும்னு யார்கிட்டயும் சொல்லல. பந்தியில நீ என்ற கையைச் சொன்னப்பத்தான் பொறுக்க முடியல."

"தப்புத்தானுங்ண்ணா."

"அதை உடு. ஒண்ணு கேக்கோணும். நாலு வருசமாக் கேக்கோணும்னு இருக்கறேன். அன்னைக்கு ஆச்சு சொல்லிப்போட்டும் எனக்கொரு சந்தேகம். இக்கட்டப் பாத்தேன். உன்ற ஆளுக எல்லாம் இந்த மரத்தடியில உக்காந்திருந்தாங்க. சோறு திங்கறாங்கன்னு நெனச்சேன். தின்னு முடிச்சும் ஒருத்தனும் கெணத்துக்குள்ள எறங்கல. நீ எறங்கு, எறங்குன்னு ஆளுகளைத் தொரத்தறவன். ஏன்டா உன்ற ஆளுகளைக் கெணத்துக்குள்ள உடலே?"

எத்தனை எண்ணினாய் என்று கேட்டிருந்தால் பன்னிரண்டு என்று பொய் சொல்லியிருப்பேன். அதற்கு நான் தயாராகத்தான் இருந்தேன். இதற்குப் பொய் என்னிடம் இல்லை.

"பதினொண்ணு எண்ணுனேனுங்ண்ணா" என்றேன். "மாதையன் சொல்ல வந்தான். நாந்தான் அவங்கழுத்துல முழங்காலை வெச்சு அமுத்திப் புடிச்சிருந்தேன்."

அவன் என் தோளிலிருந்து கையை எடுத்தான். அக்குளில் இருந்த ஊன்றுதடியை உருவித் திருப்பிப் பிடித்து என்னை அடித்தான். முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது விலாவில். கண் தெரியாதவன் அடி எங்கே விழும் என்று எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. காதோரம் ஒன்று விழுந்து தலைக்குள் கூவியது. நாலாவது தப்பி வேப்பமரத்தில் பட்டது. நான் நகர்ந்து போய் அவன் தடிக்கு நேராக நின்றேன். "இங்கீங்ண்ணா" என்றேன். குரல் வந்த பக்கம் அடித்தான். பொய்ப்பல் தெறித்து எங்கோ விழுந்தது. பாறையை அடித்த அதே வீச்சு. அடிக்கும்போது அவன் அழுதான், நானும் அழுதேன். அவன் அழுகை கண்ணிலிருந்து வரவில்லை, வாயிலிருந்துதான் வந்தது. முழங்கால் மடங்கி நான் உட்கார்ந்த பிறகும் அடித்தான். கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு தடியை ஊன்றினான்.

"எத்தனை ஆச்சு?" என்றான்.

"மரத்துல பட்டதைச் சேத்துப் பதினொண்ணுங்ண்ணா."

"நெசமா எண்ணுனியா?"

"எண்ணுனேன். இன்னும் ஒண்ணு இருக்குதுங்க."

அவன் தலையை ஆட்டினான். கிணற்றுப் பக்கம் மோட்டார் தண்ணீர் தொட்டியில் விழுகிற சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினான்.

"அது வெடிக்க வேண்டாம்" என்றான். "உங்கிட்டயே கெடக்கட்டும்."

பிறகு தடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கையை நீட்டி என்னைத் தேடினான். நான் எழுந்து நின்று தோளைக் கொடுத்தேன். முதல் அடி விழுந்த இடத்திலேயே கையை வைத்துக்கொண்டு, "ஊட்டுக்குப் போலாம் நட" என்றான். வரப்பு முடிகிறவரை அவன் கையை எடுக்கவில்லை. நானும் தோளை மாற்றிக் கொடுக்கவில்லை.